நோயுற்றோர் – ஒப்பீட்டாளர் ஆய்வில் மாதிரி அளவு: அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை முன்வைத்து

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிகுந்தது. அண்டையிலுள்ள பெரம்பலூர், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வேளாண் மாவட்டம். சுரங்கத் தூசிக்கும் நாட்பட்ட சுவாச நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய எத்தனை நோயுற்றோரும், எத்தனை நோயற்ற ஒப்பீட்டாளரும் தேவை?

இதனை நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன: ஒப்பீட்டாளரிடையே தூசிக்கு ஆட்பட்டோர் விழுக்காடு, கண்டறிய விழையும் ஆட்ஸ் விகிதம், இல்லாத தொடர்பை உண்டெனக் கொள்ளும் பிழை வாய்ப்பு, உள்ள தொடர்பைக் கண்டறியும் ஆற்றல். எடுத்துக்காட்டாக, ஆட்பட்டோர் 20%, ஆட்ஸ் விகிதம் 2, பிழை வாய்ப்பு 5% (இருபுறச் சோதனை), ஆற்றல் 80% எனக் கொண்டால், இரு விகிதசமங்களை ஒப்பிடும் வழக்கமான வாய்பாட்டின்படி குழுவிற்கு 172 பேர் தேவை. ஏனையவை மாறாமல் ஆட்பட்டோர் 5% மட்டுமே எனில், இத்தேவை 516 ஆக உயர்கிறது. ஆகவே, அவ்விழுக்காட்டை முன்னோட்ட ஆய்வின்வழி அறிதல் இன்றியமையாதது.

எனினும், அரியலூர் நோயுற்றோருக்குப் பெரம்பலூரிலிருந்து ஒப்பீட்டாளரைத் தெரிவு செய்தால், அங்குத் தூசிக்கு ஆட்பட்டோர் குறைவாதலின் தொடர்பு மிகையாகத் தோன்றும். நோயுற்றோர் எம்மக்கள்தொகையிலிருந்து வந்தனரோ, அதிலிருந்தே ஒப்பீட்டாளரும் அமைதல் வேண்டும். மாதிரி அளவைப் பெருக்குதல் தற்செயல் பிழையைக் குறைக்கும். தெரிவுப் பிழையை நீக்காது.