மெதடிஸ்த வகுப்புக் கூட்டம்

மெதடிஸ்த வகுப்புக் கூட்டம் என்பது, ஒரு கிறித்தவ சபையின் உறுப்பினர் ஏறத்தாழப் பன்னிருவர் வாரம் ஒருமுறை கூடி, தத்தம் ஆன்மிக நிலையையும் அன்றாட நடத்தையையும் ஒரு தலைவரின் வழிகாட்டலில் எடுத்துரைக்கும் சிறுகுழு ஆகும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (1703–1791) தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் அடிப்படை அலகாக இது விளங்கியது. இங்கு 'வகுப்பு' என்னும் சொல் பாடம் நடத்தும் வகுப்பைக் குறிப்பதன்று. பெரிய கூட்டம் ஒன்றின் பிரிவு என்னும் பொருளிலேயே வழங்கியது. இதன் தலைவர்கள் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர். இன்று பல நாடுகளின் சபைகளில் காணப்படும் சீடத்துவக் குழுக்களுக்கு முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்னணி

சபைக்குள் சிறு குழுக்களாகக் கூடும் வழக்கம் வெஸ்லிக்கு முன்னரே இருந்தது. ஜெர்மனியில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்னும் லூத்தரன் குரு 1670ஆம் ஆண்டளவில் பிராங்க்பர்ட் நகரில் இத்தகைய கூட்டங்களைத் தொடங்கினார். அவர் வழிவந்த பக்தி இயக்கத்தின் மையமாக ஹாலே நகரம் வளர்ந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்க் இவ்வியக்கத்தைச் சேர்ந்தவர்.

தரங்கம்பாடிப் பணி பற்றிய செய்திகள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி, எப்வர்த் என்னும் ஊரில் அந்நூலைப் படித்து மனம் நெகிழ்ந்தார். தம்மால் கடல் கடந்து செல்ல இயலாவிடினும் தம் வீட்டில் செய்யக்கூடியது உண்டு எனக் கருதி, பிள்ளைகளுடன் தனித்தனியே ஆன்மிக உரையாடல் நடத்த வாரத்தின் மாலைகளைப் பகுத்துக்கொண்டார். அவற்றுள் வியாழக்கிழமை ஜானுக்கு உரியது. 1711–12 குளிர்காலத்தில், குருவாகிய அவரது கணவர் இலண்டனில் இருந்தபோது, வீட்டாருக்காக அவர் நடத்திய ஞாயிறு மாலை வழிபாட்டிற்கு அயலாரும் வரத் தொடங்கினர். அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 200ஐ எட்டியது. ஒருவரை உட்கார வைத்து அவர் உள்ளத்தின் நிலையைக் கேட்டறியும் முறை ஜானுக்குச் சிறுவயதிலேயே அறிமுகமாகியிருந்தது.

1729 முதல் ஆக்ஸ்போர்டில் ஜானும் அவர் தம்பி சார்லஸ் வெஸ்லியும் சேர்ந்த மாணவர் குழு ஒன்று ஒழுங்குமுறையுடன் செபம், வேத வாசிப்பு, சிறைச்சாலைச் சந்திப்பு ஆகியவற்றைக் கடைப்பிடித்தது. 'முறைமைக்காரர்' என்னும் பொருள்படும் 'மெதடிஸ்தர்' என்ற பெயர் இவர்களுக்கு முதலில் ஏளனமாகச் சூட்டப்பட்டதாகும்.

தோற்றம்

1739இல் வெஸ்லி பிரிஸ்டல் நகரில் திறந்தவெளியில் போதிக்கத் தொடங்கினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் உட்படப் பெருந்திரளானோர் கூடினர். அவ்வாண்டே 'புதிய அறை' என்னும் கட்டடம் எழுப்பப்பட்டது. அதனால் கடனும் ஏற்பட்டது. இக்கடனைத் தீர்ப்பது பற்றி ஆராய 1742 பிப்ரவரி 15 அன்று கூட்டம் ஒன்று நடந்தது. கேப்டன் ஃபாய் என்பவர், உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பெனி தரலாம் என்றார். அக்காலத்தில் 12 பெனி ஒரு சில்லிங், 240 பெனி ஒரு பவுண்டு ஆகும். பலர் அதைக்கூடத் தர இயலாத ஏழைகள் என்று மறுப்பு எழுந்தது. அதற்கு அவர், மிக வறியவர் பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், அவர்களை வாரந்தோறும் தாமே சென்று காண்பதாகவும், அவர்களால் இயலாததைத் தாமே செலுத்துவதாகவும் கூறினார். மற்றவர்களும் இவ்வாறே பதினொருவரை ஏற்றுக்கொண்டனர். பன்னிருவர் என்னும் கணக்கு இவ்வாறே வந்தது.

பணம் திரட்டச் சென்ற தலைவர்கள் வீடுகளில் உறுப்பினர்களின் உண்மை நிலையைக் கண்டனர். சிலர் குடித்தனர், சிலர் வீட்டில் சண்டையிட்டனர். இதனை அவர்கள் வெஸ்லியிடம் தெரிவித்தபோது, தாம் நெடுநாள் தேடிய மேய்ப்பு முறை இதுவே என அவர் உணர்ந்தார். கூட்டம் பெருகப் பெருக உறுப்பினர் ஒவ்வொருவரையும் அவரால் நேரில் அறிய இயலாதிருந்தது. அதே ஆண்டில் இலண்டனிலும் பிற இடங்களிலும் இம்முறை பரவியது.

வீட்டுச் சந்திப்பிலிருந்து கூட்டத்திற்கு

தொடக்கத்தில் தலைவர் வீடு வீடாகச் சென்றார். இம்முறை விரைவில் கைவிடப்பட்டது. அதற்கு வெஸ்லி தரும் காரணங்கள் பின்வருமாறு:

1. எல்லாரையும் சென்று காண்பதற்குத் தலைவர்களிடம் நேரமில்லை. அவர்களும் உழைத்துப் பிழைப்பவர்களே.
2. பலர் வீட்டு வேலையாட்கள். அவர்களைச் சந்திக்க எசமானர் இடமளிக்கவில்லை.
3. இடமளித்த வீடுகளிலும் பிறர் முன்னிலையிலன்றிப் பேச இயலவில்லை.
4. ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தால், இருவரையும் ஒருங்கே அமர்த்தாமல் உண்மை காண முடியவில்லை. உறவினர், அயலார் இடையிலான சிறு பிணக்குகளும் அவ்வாறே தீர்க்கப்பட வேண்டியிருந்தன.

எனவே ஒவ்வொரு வகுப்பும் ஓரிடத்தில் வாரம் ஒருமுறை கூடியது. கூட்டம் ஓரிரு மணி நேரம் நீடித்து, செபத்துடனும் நன்றியறிதலுடனும் நிறைவுற்றது.

தலைவரின் கடமைகள்

1743இல் வெளியான 'பொது விதிகள்' தலைவரின் பணியை இரண்டாக வகுக்கின்றன. முதலாவது, தம் வகுப்பினர் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையேனும் கண்டு, அவர்தம் ஆன்மா எவ்வாறு உள்ளது எனக் கேட்டறிந்து, தேவைக்கேற்ப அறிவுரை கூறுதல், கண்டித்தல், ஆறுதலளித்தல், ஊக்குவித்தல். ஏழைகளுக்காக அவர் தர விரும்புவதைப் பெறுதல். இரண்டாவது, வாரம் ஒருமுறை போதகரையும் பொருளாளர்களையும் சந்தித்து, நோயுற்றோரையும் ஒழுங்கு தவறியோரையும் பற்றித் தெரிவித்தல். திரட்டிய பணத்தைக் கணக்குடன் ஒப்படைத்தல்.

வகுப்புத் தலைவர் வேத விளக்கம் செய்யும் ஆசிரியர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் முதலில் தம் நிலையைக் கூறி, பின்னர் ஒவ்வொருவரையும் வினவுவது வழக்கமாயிற்று. உறுப்பினரின் அறிவை அளப்பதன்று, அவர் வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தைக் கேட்டறிவதே நோக்கம். தலைவர்களை வகுப்பினர் தேர்ந்தெடுக்கவில்லை. வெஸ்லியும் அவருடைய உதவியாளர்களும் நியமித்தனர். தலைவர்களுள் கைவினைஞரும் தொழிலாளரும் இருந்தனர். பெண்கள் பலரும் தலைவர்களாகப் பணியாற்றினர். பெண்கள் பொது மேடையில் பேசுவது அரிதாயிருந்த காலத்தில் இது முக்கியமானதாகும்.

உறுப்பினர் சேர்க்கையும் ஒழுங்கும்

வகுப்பில் சேர விசுவாசத்தில் முதிர்ச்சி தேவையில்லை. பாவத்திலிருந்து விடுபட விரும்பினால் போதும். ஆனால் அவ்விருப்பத்தை மூன்று வகையில் காட்ட வேண்டும்: தீமை செய்யாதிருத்தல், இயன்ற நன்மையெல்லாம் செய்தல், வழிபாடு, திருவிருந்து, செபம் போன்ற இறை நியமங்களைக் கடைப்பிடித்தல். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உறுப்பினரை ஆராய்ந்து நுழைவுச்சீட்டு வழங்கப்பட்டது. ஒழுங்கு தவறியவருக்குச் சீட்டு மறுக்கப்பட்டது.

வகுப்பைவிடச் சிறியது 'பேண்டு' என்னும் குழு. இது ஒரே பாலினத்தவரும் ஒத்த மண நிலையினருமான சிலரைக் கொண்டது. இதில் சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது. பாவ அறிக்கை இங்கு இன்னும் வெளிப்படையாக இருந்தது. வகுப்போ எல்லா உறுப்பினருக்கும் கட்டாயமானது. ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்தனர்.

ஒழுங்கு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு நியூகாசில் நகர நிகழ்வு சான்றாகும். 1743 மார்ச்சில் அங்கு 64 பேர் நீக்கப்பட்டதாக வெஸ்லி தம் நாட்குறிப்பில் காரணங்களுடன் பதிவு செய்துள்ளார். அவர்களுள் 17 பேர் குடிப்பழக்கத்திற்காகவும், மூவர் சண்டையிட்டதற்காகவும், ஒருவர் மனைவியை அடித்ததற்காகவும் நீக்கப்பட்டனர். 29 பேர், அதாவது ஏறத்தாழப் பாதியினர், அக்கறையின்மைக்காக நீக்கப்பட்டனர்.

எதிர்ப்புகளும் விமர்சனங்களும்

இம்முறைக்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. தாங்கள் சேர்ந்தபோது இல்லாத கட்டுப்பாடு இப்போது ஏன் என்று சிலர் வினவினர். இது வேதம் விதித்த கட்டளையன்று, அனுபவத்தில் கண்டறிந்த உதவி மட்டுமே எனவும், சிறந்த வழி தெரிந்தால் இதனை மாற்றலாம் எனவும் வெஸ்லி பதிலளித்தார். தலைவர்களுக்குப் போதிய தகுதி இல்லை என்பது மற்றொரு குற்றச்சாட்டு. குறையுடையவரைத் தம்மிடம் தெரிவித்தால் மாற்றுவதாகக் கூறிய அவர், எளியவர்களாலும் பெரும்பயன் விளைந்துள்ளதைச் சுட்டிக்காட்டினார்.

இவ்விமர்சனத்தில் உண்மையான சிக்கல் ஒன்று அடங்கியுள்ளது. பிறர் குறைகளை வாரந்தோறும் கேட்கும் ஒருவர் அவற்றைப் போதகரிடம் தெரிவிக்கும் கடமையும் உடையவராயிருந்தார். அவர் பரிவுடையவராயின் வகுப்பு அடைக்கலமாகும். அல்லராயின் வேவு பார்க்கும் இடமாக மாறிவிடும். ஒரே அயலில் வாழ்ந்து ஒரே தொழில் செய்வோரிடையே இந்த ஆபத்து மிகுதி. வகுப்பின் வெற்றியும் தோல்வியும் பெரிதும் தலைவரின் குணத்தைச் சார்ந்திருந்தன.

சமூகத் தாக்கம்

பள்ளிக்கல்வி பெறாத தொழிலாளர் பலர் பேசவும், கணக்கு வைக்கவும், குழுவை நடத்தவும் வகுப்புகளில் பழகினர். 1834இல் தொழிலாளர் சங்கம் அமைத்ததற்காக நாடு கடத்தப்பட்ட டால்படில் ஊர் விவசாயத் தொழிலாளர் அறுவருள் ஜார்ஜ் லவ்லெஸ் உள்ளிட்ட சிலர் மெதடிஸ்த உபதேசிமார் ஆவர். வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தினரும் வகுப்பு முறையைத் தம் அமைப்பில் மேற்கொண்டனர்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

வெஸ்லியன் மறைப்பணியாளர் 1814 ஜூனில் இலங்கையின் காலியில் வந்திறங்கினர். ஜேம்ஸ் லிஞ்சு, தாமஸ் ஸ்குவான்ஸ் ஆகியோர் யாழ்ப்பாணத்திற்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்பிற்கும் சென்றனர். 1817இல் லிஞ்சு சென்னைக்கு வந்தார். வகுப்பில் சேர்ந்தவரே சபை உறுப்பினர் என்னும் விதி வெஸ்லியன் சபைகளுடன் இப்பகுதிகளுக்கும் வந்தது. தென்னிந்தியாவின் வெஸ்லியன் வழி வந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இலங்கை மெதடிஸ்த திருச்சபை தனித்து இயங்குகிறது.

வீழ்ச்சியும் மறுமலர்ச்சியும்

19ஆம் நூற்றாண்டில் வகுப்புகள் படிப்படியாக வலுவிழந்தன. ஊரூராகச் சென்ற போதகர்கள் ஓரிடத்தில் நிலைத்ததும், மேய்ப்புப் பணி தலைவர்களிடமிருந்து அவர்களிடம் சென்றது. பல வகுப்புகள் பன்னிருவரைக் கடந்து பெருகின. ஒரே சாட்சியை வாரந்தோறும் திரும்பக் கூறும் சடங்காகக் கூட்டம் மாறியதாகக் குறை கூறப்பட்டது. ஞாயிறு பள்ளியும் வேறு சங்கங்களும் மக்களின் நேரத்தை ஈர்த்தன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன்பால் ஆர்வம் மீண்டும் எழுந்தது. டேவிட் லோஸ் வாட்சன் என்னும் மெதடிஸ்த அறிஞர், வகுப்புக் கூட்டத்தை ஆராய்ந்து, உடன்படிக்கைச் சீடத்துவக் குழு என்னும் அமைப்பை வகுத்தார். இதில் உறுப்பினர் தாமே ஒரு உடன்படிக்கையை எழுதி, அதன்படி நடந்தனரா என வாரந்தோறும் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கின்றனர். பழைய முறையில் தலைவர் மட்டும் சுமந்த பொறுப்பு இதில் குழுவினர் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.