நகரத்துக்கும் ஒரு சபை

கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபை தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும். வாக்காளர் யாரும் எழுந்து கேட்கலாம். நகரத்தில் இருப்பவருக்கும் அப்படியொரு சபை உண்டு. பகுதி சபை என்று பெயர். ஏரியா சபை என்றும் சொல்வார்கள்.

மூன்று லட்சம் பேரும் அதற்கு மேலும் வாழும் நகரங்களில் வார்டு குழு அமைக்க வேண்டும் என்றது, 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தது 2022இல். இவ்வளவு காலம் தாமதித்தது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். வார்டைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். கவுன்சிலர் முன்னிலையில் பேசப்படும் தேவைகள் வார்டு குழுவுக்குப் போகும், அங்கிருந்து மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றத்துக்கு.

உங்கள் தெருவுக்குப் புதுச் சாலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் தெரு உயரும், வீட்டு வாசல் பள்ளமாகும். இப்படியே உயர்ந்துபோன தெருக்களில், படியேறிப் போன வீட்டுக்குள் இன்று படியிறங்கிப் போகிறார்கள். மழை வந்தால் தண்ணீரும் அதே வழியில் இறங்குகிறது. எந்த மூலையில் நீர் தேங்கும், முன்பு எந்தப் பக்கம் வடிந்தது என்பது அங்கேயே குடியிருப்பவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதை எஸ்டிமேட் போடும் முன்பே பகுதி சபையில் சொல்லிவிட வேண்டும். டெண்டர் முடிந்து ஜல்லி வந்து இறங்கிய பிறகு தெருவில் நின்று வாதாடினால், வேலை பார்க்க வந்தவர்களால் எதையும் மாற்ற முடியாது.

அதனால் கோரிக்கையை எழுதியே கொண்டுபோங்கள். "சாலை சரியில்லை" என்று எழுதினால் போதாது. எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, மழை நின்று எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுங்கள். அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யும்படி கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, போன தீர்மானம் என்னாயிற்று என்பதாக இருக்கட்டும்.

ஒரு குறை உண்டு. வார்டு குழுவில் இடம்பெறும் பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. இது மாற வேண்டும். அதுவரை, கூட்டத்துக்கு வருகிற ஆட்களின் எண்ணிக்கைதான் சபைக்குப் பலம்.

கூட்டம் என்றைக்கு என்று கவுன்சிலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு என்றால், மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள் வர முடியாத நேரத்தில் கூடினால், குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவின் பெயர் அந்தக் கூட்டத்தில் யார் வாயிலும் வராது.