குடித்தால் குளிர் விடுமா?



மார்கழி, தை மாதங்களில் ஒத்தக்கடைப் பக்கம் நல்ல பனி இறங்கும். அந்தப் பனியிலும் ராத்திரி கரண்டு வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போக வேண்டியிருக்கிறது. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்னா நாமளும் கொஞ்சம் ‘தண்ணி’ போட்டாத்தான சார் குளிரு தாங்குது?"

குடித்ததும் உடம்பு கதகதன்னு இருப்பது நிஜம்தான். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். குளிர் அடித்தால் தோலில் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூட்டை உள்ளேயே நிறுத்தி வைக்கும். அதுவும் போதாவிட்டால் உடம்பு நடுங்கும். நடுங்கும்போது தசைகள் சூடு உண்டாக்குகின்றன. சாராயமோ, பிராந்தியோ, பீரோ, எதுவானாலும் அதிலுள்ள ஆல்கஹால் அந்தக் குழாய்களை விரித்துவிடும், நடுக்கத்தையும் குறைத்துவிடும். உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் இதமாகத் தெரிகிறது. அந்தச் சூடு பனிக்காற்றோடு போய்விடுகிறது.

கண்மாய் மடையைத் திறந்தால் வயலில் தண்ணீர் பெருகும். ஆனால் கண்மாயில் மட்டம் இறங்குமல்லவா? அதே கணக்குதான் இதுவும்.

"நம்ம ஊர்க் குளிர் என்ன பண்ணும்?" என்று நினைக்கலாம். நனைந்த வேட்டி, வெறும் வயிறு, ஈர வரப்பில் விடிய விடியத் தூக்கம், இத்தனையும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு ஆபத்து. வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரையும் குறையும். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், தூக்கம் அமுக்கும். பார்க்கிறவர்கள், "போதையில கிடக்காரு, தூங்கட்டும்" என்று போய்விடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது.

அப்படிக் கிடப்பவரைக் கண்டால் எழுப்பிப் பாருங்கள். ஈரத் துணியைக் களைந்து, கம்பளி போர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. போதை தெளியட்டும் என்று தலையில் தண்ணீரும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

சித்திரை வெயிலிலும் குடி எதிரிதான். சிறுநீராக நீர் அதிகம் வெளியேறி உடம்பு வறண்டுபோகும். வேர்க்க நீர் இல்லாவிட்டால் சூடு எப்படித் தணியும்?

ஆகவே, குளிருக்குக் கம்பளியும் சுக்குக் காப்பியும், வெயிலுக்கு நீராகாரமும் மோரும் போதும். மோட்டார் போடப் போகுமுன் வயிறாரச் சாப்பிடுங்கள். துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.