திராட்சைப் பந்தலில் சீரியல் பல்பு: அழகுக்குப் போட்டது ஆளைக் கொல்ல வேண்டாம்

கடந்த மார்கழியில் இராயப்பன்பட்டியில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இலையில் அடிச்சாம்பல் நோய் தெரிகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்து வீட்டில் கிறிஸ்துமஸுக்காக சீரியல் பல்பு போட்டிருந்தது. கூரையோடு நிற்காமல் முதல் நான்கு வரிசைப் பந்தல் வரைக்கும் இழுத்து, பந்தல் கம்பியிலேயே கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, பந்தல் கம்பியில கரண்ட் வராதா?" என்றேன்.

"சின்ன எல்.இ.டி. பல்பு சார். பன்னெண்டு வோல்ட்டுதான் இருக்கும், ஒண்ணும் செய்யாது" என்றார்.

டெஸ்டரை வாங்கிக் கம்பியில் வைத்தேன். எரிந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அரை மணி நேரம் முன்புவரை அவர் மனைவி அந்தப் பந்தலுக்கு அடியில்தான் கொடி கட்டிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது, தரை காய்ந்திருந்தது. அவ்வளவுதான் அவரைக் காப்பாற்றியது.

பல்பு சின்னது, வோல்ட் சின்னது அல்ல

ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டியது சுமார் 3 வோல்ட், சிவப்புக்கு 2 வோல்ட். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். மலிவான சரங்களில் மின்அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 50, 60 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 230 வோல்ட்டை அவற்றுக்குள் பங்கு போடுகிறார்கள். மீதியை ஒரு ரெசிஸ்டர் தாங்குகிறது. சரத்தில் தொங்கும் சின்னப் பெட்டி மினுக்குவதற்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல. ஆகவே சரத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் நீங்கள் தொடுவது வீட்டு மின்சாரத்தை.

எரியாத பல்பை வெட்டிவிட்டு ஒயரை முறுக்குவதும் தவறு. அதன் பங்கு மற்ற பல்புகள் மேலும் ரெசிஸ்டர் மேலும் ஏறும். கரண்ட் கூடும், சூடு கூடும், அடுத்தடுத்துப் பல்புகள் போகும். ஓலைக் கூரை, வைக்கோல்போர் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

பந்தலுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

நம் பந்தல் கல்தூண், மேலே இரும்புக் கம்பி வலை. காய்ந்த கல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எனவே ஓர் இடத்தில் ஒயர் தோல் உரிந்து கம்பியில் பட்டாலும் பியூஸ் போகாது, பல்பும் அணையாது. வலை முழுவதும் மின்சாரம் சத்தமில்லாமல் நிற்கும். பனி ஈரத்தில் வெறுங்காலோடு வந்து யார் கம்பியைப் பிடிக்கிறார்களோ, அவர் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும்.

"எம்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். மனிதனுக்கு 30 மில்லி ஆம்பியரே உயிராபத்து. இரண்டுக்கும் 200 மடங்கு வித்தியாசம். உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. மெயின் பாக்ஸில் அதை மாட்டி, மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பாகப் போடும் முறை

* வெளியில் போடுவதற்கு 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், சிலிகான் உறை போட்டதாக வாங்குங்கள்.
* 12 வோல்ட் அடாப்டரில் 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும். வெளியே போவது 12 வோல்ட் ஒயர் மட்டுமே.
* கணக்கு எளிது. மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப், 5 மீட்டர் என்றால் 24 வாட். 12ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். கொஞ்சம் கூடுதலாக 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள்.
* 5 மீட்டருக்கு மேல் நீட்டிக் கோக்காதீர்கள், கடைசிப் பகுதி மங்கும். அடுத்த 5 மீட்டருக்கு அடாப்டரிலிருந்து தனி ஒயர் இழுங்கள்.
* கட்டுக்கம்பியால் கட்டாமல் பிளாஸ்டிக் டேக் அல்லது சணல் கயிற்றால் கட்டுங்கள்.

பழைய 230 வோல்ட் சரம்தான் இருக்கிறது என்றால் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள். தகரக் கூரை, இரும்பு கேட், கம்பி வேலி, துணிக்கொடி எதிலும் படக்கூடாது. பிளக் இல்லாமல் ஒயரைத் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பல்பைத் தொடும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பம்புசெட் போர்டில் இருந்து சீரியல் பல்புக்கு லைன் எடுக்கலாமா?

வேண்டாம். அங்கு மும்முனை மின்சாரம். இரண்டு பேஸுக்கு நடுவே கொடுத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் பாயும். நியூட்ரலுக்குப் பதில் எர்த் கம்பியைப் பிடிப்பது அதைவிட மோசம். எர்த் தளர்ந்தால் மோட்டார் உடம்பிலேயே ஷாக் அடிக்கும். தவிர, இலவச இணைப்பு பாசனத்துக்குக் கொடுத்தது, தோட்டத்தை அலங்கரிக்க அல்ல.

கேள்வி: கரண்டே இல்லாத தோட்டத்தில் என்ன செய்வது?

பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். 12 ஆம்பியர்-அவர் பேட்டரி 5 மீட்டர் ஸ்ட்ரிப்பை 3 மணி நேரம் தாராளமாக எரிக்கும். அதற்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும். பேட்டரி அருகே 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு ஷாக் அடித்தால்?

அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி என்றால் பக்கத்தில் போகாமல், மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தோட்டக்காரர் அன்று மாலையே சரத்தை அவிழ்த்துவிட்டார். பொங்கலுக்குப் போனபோது திண்ணையில் 12 வோல்ட் ஸ்ட்ரிப் எரிந்தது. பந்தலில் திராட்சைக் கொத்து மட்டும்தான் தொங்கியது.