பாம்பு வராமலே போயிருந்தால்?

ஒரு படக்கதையில் வரும் காளி, பழங்குடியினரான இருளர் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குப் பாம்பு பிடிக்கிற தொழில். பள்ளிக்கூடத்தில் அவனோடு பேச யாரும் இல்லை. அவன் கொண்டுவரும் சாப்பாடுகூட மற்றவர்களுக்கு அருவருப்பு. ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு நுழைந்து எல்லாரும் அலற, காளி அதைப் பிடித்துவிடுகிறான். அன்றுமுதல் அவனுக்கு நண்பர்கள். ஸாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்த இந்தப் புத்தகத்தைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. சென்னை முதலைப் பண்ணையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸாய், இருளர்களோடு நெருங்கிப் பழகியவர். அதனால்தான் காளியின் வீட்டை அவர் வேடிக்கைப் பொருளாக்கவில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிலியாவ் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வேன். பாம்பைப் பார்த்து ஒரு பிள்ளையும் மிரளாது. செம்பனைக் காட்டில் எலி உண்டு, எலி இருக்கிற இடத்தில் பாம்பும் உண்டு. “எங்க தாத்தாவும் புடிப்பாரு டீச்சர்” என்று ஒரே சத்தம். காளி தனியாக உட்கார்ந்திருக்கும் படம் வந்தால்தான் அடங்குவார்கள். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிபோய், டவுன் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிறுமி கேட்டாள்: “பாம்பே வரலன்னா, அவன்கூட யாரும் சேந்திருக்க மாட்டாங்களா டீச்சர்?”

நான் பதில் சொல்லாமல் மற்றவர்களைப் பார்த்தேன். “மாட்டாங்க” என்றான் ஒருவன். “நான் போயி பக்கத்துல உக்காந்திருப்பேன்” என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கு வேறு கதைக்கே போகவில்லை. என்னைக் கேட்டால், கதையின் குறையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வீரச்செயல் செய்து காட்டினால்தான் நட்பு கிடைக்கும் என்றால், எதையும் செய்து காட்ட முடியாத பிள்ளை எங்கே போகும்? ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது இந்தப் புத்தகம்தான். நன்னெறிப் பாடத்தில் அன்பின் இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளிடமிருந்து இப்படியொரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

இன்னும் சின்னவர்களுக்கு நான் சொல்வது சந்தியா ராவ் எழுதிய ‘எக்கி டொக்கி’. ஒருத்திக்கு ஒற்றை முடி, அவள் சகோதரிக்கு இரண்டு. ஒற்றை முடிக்காரி போகிற வழியில் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், மாட்டுக்குத் தீனி போடுகிறாள். அவள் நல்லவள் என்று நாம் சொல்ல வேண்டாம், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்து அச்சிடுவதால் வந்த கணக்கு அது. அத்தனை குறைந்த இடத்தில் எழுத்து பாதியைச் சொல்லும், மீதியைப் படம் சொல்லும். பெரியவர் வரிகளை வாசிக்கும் நேரத்தில், எழுத்துத் தெரியாத குழந்தை படத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது. அதனால் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். முகங்களைப் பார்க்க விடுங்கள். முடிந்ததும், “இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லை என்கிறவர்களுக்கு வழி உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டு, ஓரம் தைத்துக் கொடுக்கலாம். நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றியும் எழுதலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது.

ஆனால் அந்தத் தளத்தில் எங்கள் தோட்டம் இருக்கும் கதை ஒன்றுகூட என் கையில் அகப்படவில்லை. யானைகளை வரைந்தே உலகப் புகழ் பெற்ற யூசோப் கஜா 1954-இல் இதே நெகிரி செம்பிலானில் பிறந்தவர். ஓவியத்துக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. போதிய பிள்ளைகள் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி உண்டான தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ தலைமுறை படித்தாகிவிட்டது. வாசிக்க ஆளுக்கும் பஞ்சமில்லை. கதைக்கும் பஞ்சமில்லை. அந்நாளில் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் அம்மாக்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். யார் பெற்ற பிள்ளையானாலும் அங்கே ஆயாம்மா தொட்டில் ஆட்டுவார், கஞ்சி ஊட்டுவார். அந்த ஆயாம்மாக்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வரையத் தெரிந்த இளைஞர்கள் அடுத்த பள்ளி விடுமுறையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய் உட்கார வேண்டும்.