புள்ளிக்கு ஆசைப்பட்டு உடம்பைக் கெடுக்கலாமா?

பெங்களூருவில் சில உடற்பயிற்சிக் கூடங்கள், வருகிற ஒவ்வொரு நாளுக்கும் உறுப்பினர்களுக்குப் புள்ளி தருகின்றன. புள்ளி சேர்ந்தால் பரிசு, கட்டணச் சலுகை. இந்த ஆசையில் தினமும் எடை தூக்குவோர் உண்டு. ஆபத்து அங்கேதான்!

எடை தூக்கியதும் தசை வலுப்பெறுவதில்லை; பிறகு எடுக்கும் ஓய்வில்தான் வலுப்பெறுகிறது. எனவே, ஒரே தசைக்கு மறுபடி வேலை கொடுக்கச் சுமார் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி, 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த அளவு.

புள்ளியும் வேண்டுமா? திங்கள், புதன், வெள்ளி எடை தூக்கலாம். செவ்வாய், வியாழன், சனி டிரெட்மில்லில் நடக்கலாம், அதுவும் வருகைதானே! ஞாயிறு முழு ஓய்வு.

ஓய்வு நாளில் போவது ஒரு நாள் புள்ளி. தோள் பிசகிப் படுத்தால், ஒரு மாதப் புள்ளியும் போய்விடும்!