அடைத்தேன் வாங்குமுன் மெழுகுத் தாளைக் கேளுங்கள்

தேனைப் பிழியாமல், அடையோடு துண்டு போட்டு டப்பாவில் அடைத்த சரக்கை இப்போது மளிகைக் கடைகளிலும் கேட்கிறார்கள். பாட்டில் தேனைவிடக் கூடுதல் விலைக்குப் போவதால் நாங்களும் ஆசைப்பட்டு ஒரு லாட் எடுத்தோம். பாதி திரும்பி வந்தது. "தேன் நல்ல தேன்தான் அண்ணாச்சி, மென்றால் நடுவில் தோல் மாதிரி கிடக்கிறது என்கிறார்கள்" என்று சில்லறைக் கடைக்காரர் ஒருவர் டப்பாவைத் திறந்தே காட்டினார். இன்னொரு டப்பாவில் மெல்லிய கம்பித் துண்டு! பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேனீ வளர்ப்பவர்களிடமே போய் விசாரித்தோம்.

பெட்டியிலுள்ள மரச்சட்டத்தில், இருபுறமும் அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாளைப் பொருத்துவார்கள். தேனீக்கள் அந்த அச்சின் மேலேயே சுவர் எழுப்பி அடை கட்டும். தாள் அடையின் நடுவில் அப்படியே தங்கிவிடும். தேனை இயந்திரத்தில் சுற்றி எடுப்பதானால் அடை உடையக்கூடாது. ஆகவே தாள் கனமாக இருக்கும், கம்பியும் இழைத்திருப்பார்கள். பாட்டில் தேனுக்கு இதனால் தோஷமில்லை. அடைத்தேனிலோ தாளையும் சேர்த்தல்லவா சாப்பிடுகிறார்கள்!

எனவே அடைத்தேனுக்குக் கம்பியில்லாத, மிக மெல்லிய தாள்தான் வேண்டும். மேல்நாடுகளில் இதற்கென்றே மெல்லிய தாளைத் தனியாக விற்கிறார்கள். முழுத்தாளே இல்லாமல், சட்டத்தின் மேற்கட்டையில் ஓர் அங்குல நாடா மட்டும் ஒட்டிவிடுவதும் உண்டு. மீதியைத் தேனீயே கட்டிக்கொள்ளும். வாயில் கரைவதுபோல் இருப்பது இந்த அடைதான். ஆனால் பெட்டி சாய்ந்திருந்தால் அடை கோணலாகும், ஆண் தேனீக்குரிய பெரிய அறைகளும் வரலாம். மெல்லிய தாளுக்கும் ஒரு சங்கடம் உண்டு. வெயிலில் தொய்ந்துவிடும். தேன் வரத்துத் தொடங்கிய பிறகே அதைப் பெட்டியில் வைக்கவேண்டும்.

அச்சின் அளவும் முக்கியம். இத்தாலியத் தேனீக்கான தாளில் அறை ஏறத்தாழ 5.4 மி.மீ. அகலம். மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ சிறியது, அதன் அறையும் சிறியது. அளவு மாறினால் அடை தாறுமாறாகும்.

மெழுகின் சுத்தம் பெரிய விஷயம். மெழுகுவத்திக்குப் போடும் பாரஃபின் கலந்த தாளும் சந்தைக்கு வருகிறது. கையால் தொட்டுப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. தேன் எடுக்கும்போது அடையின் மேல்மூடியைச் சீவிக் கிடைக்கும் மெழுகில் செய்த தாளா என்று கேளுங்கள். அதுதான் உயர்ந்தது. பழைய புழு அடையை உருக்கிய மெழுகு கறுத்திருக்கும்.

கொள்முதலின்போது ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் தடித்த கோடு தெரிந்தால் கனத்த தாள். பிறகு மென்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். அடை வெளுப்பாகவோ இளமஞ்சளாகவோ இருக்கவேண்டும். புழு வளர்ந்த அடையைக் கண்ணால் கண்டாலே ஒதுக்கிவிடுங்கள்.

துண்டுகளை ஓரிரு நாள் உறையும் குளிரில் வைத்து எடுத்தால் அந்துப்பூச்சியின் முட்டை சாகும். டப்பாவைத் திறக்காமலே வெளிச்சூட்டுக்கு வரவிடவேண்டும். தேன் உறைந்துபோனால் பாட்டிலைப்போல் வெந்நீரில் வைத்து இளக்க வழியில்லை, மெழுகும் சேர்ந்து இளகிவிடும். சீக்கிரம் உறையும் தேனை அடையாக வாங்கவே வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது நாங்கள் நாடா ஒட்டி எடுப்பவரிடம்தான் வாங்குகிறோம். விலை சற்றுக் கூடுதல், திரும்பி வரும் டப்பா இல்லை.